உங்க ஹீரோ என்ன வேலை பார்த்தார்?

போன மாதம் ஒரு இன்ஜினீயரிங் கல்லூரியில் மாக் இன்டர்வியூ நடத்தக் கூப்பிட்டிருந்தார்கள். ஃபைனல் இயர் பசங்களை நிஜமான கம்பெனிக்காரர்கள் வந்து பயமுறுத்துவதற்கு முன்னால், நாமே ஒரு தடவை பயமுறுத்திப் பார்க்கிற சடங்கு. உங்களுக்குத் தெரியாததா என்ன? இரவல் டை, அண்ணனோட ஷூ, ரூம்மேட் இஸ்திரி போட்டுக் கொடுத்த சட்டை என்று ஒவ்வொருத்தராக உள்ளே வந்தார்கள். மேஜைக்கு இந்தப் பக்கம் பிளேஸ்மென்ட் ஆபீசர், ரிட்டயர்டு ஹெச்.ஆர். மேனேஜர் ஒருத்தர், அப்புறம் நான். டெக்னிக்கல் கேள்வி, சம்பளக் கேள்வி எல்லாவற்றையும் அவர்கள் இரண்டு பேரும் பங்கு போட்டுக்கொண்டார்கள். எனக்கு ஒதுக்கியது ஒரே ஒரு கேள்வி.

“உங்க ரோல் மாடல் யார்?”

அன்றைக்கு வந்தவர்கள் 31 பேர். அதில் 22 பேர் அப்துல் கலாம் என்றார்கள். நாலு பேர் அப்பா. இரண்டு பேர் அம்மா (இந்தக் கணக்கை வீட்ல காட்டிடாதீங்க, ராத்திரி சாப்பாடு கிடைக்காது!). இரண்டு பேர் தோனி. ஒரே ஒரு பெண் மட்டும் “அப்படி யாரும் இல்லை சார்” என்றாள். இந்த வாரம் அவளைப் பற்றித்தான். ஆனால் அதற்கு முன் அந்த 22 பேரைக் கவனித்துவிடுவோம்.

“கலாம் சாரை ஏன் பிடிக்கும் தம்பி?”

“கனவு காணச் சொன்னார் சார்.”

“சரி, வேற?”

“ராக்கெட் விட்டார் சார்.”

“ஒரு சாதாரண திங்கக்கிழமை காலையில ஆபீஸ் போய் அவர் என்ன வேலை பார்த்திருப்பார்?”

அதோட முடிந்தது. ஃபேன் சுத்துகிற சத்தம் மட்டும் கேட்டது. 22 பேரிடமும் கேட்டேன் பாஸ், 22 தடவையும் அதே ஃபேன். ராமேஸ்வரம் தெரிகிறது, சின்ன வயசில் பேப்பர் போட்டது தெரிகிறது, ஹேர் ஸ்டைல் தெரிகிறது. அவர் படத்தைப் போட்டு வாட்ஸ்அப்பில் சுத்துகிற, அவர் சொன்னாரா என்று யாருக்குமே தெரியாத பொன்மொழிகள் ஒரு டஜன் மனப்பாடமாகத் தெரிகிறது. மனுஷர் என்ன வேலை செய்தார் என்பது தெரியவில்லை. குற்றம் சொல்லவில்லை. உங்க வயசில் நானும் ஹாஸ்டல் சுவரில் படத்தை ஒட்டிவிட்டுக் குப்புறப் படுத்துத் தூங்கினவன்தான்.

அதனால் 1979 கதையைச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

எஸ்.எல்.வி.-3 ராக்கெட்டுக்குக் கலாம்தான் பிராஜெக்ட் டைரக்டர். 1979 ஆகஸ்ட் 10-ம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவில் கவுன்ட் டவுன் ஓடிக்கொண்டிருக்கிறது. கடைசி நிமிடங்களில் கம்ப்யூட்டர் ‘நிறுத்து’ என்கிறது. கன்ட்ரோல் சிஸ்டத்தில் கசிவு. கூட இருந்த நிபுணர்கள், ‘கையில் இருக்கிற எரிபொருள் போதும், பயப்பட வேண்டாம்’ என்கிறார்கள். கலாம் கம்ப்யூட்டர் பேச்சை ஒதுக்கிவிட்டு ராக்கெட்டை விடச் சொல்கிறார். ஸ்ரீஹரிகோட்டாவில் கிளம்பிய ராக்கெட் வங்காள விரிகுடாவில் போய் விழுகிறது. பல வருஷ உழைப்பு, அத்தனை பேரோட தூக்கம், எல்லாம் கடல்ல. முடிவு எடுத்தவர் கலாம். வெளியே பத்திரிகைக்காரர்கள் காத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அப்போது இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். அவர் கலாமை மைக் முன்னால் தள்ளவில்லை. தானே போய் உட்கார்ந்தார். தோல்வியைத் தன் தலையில் ஏற்றுக்கொண்டு, ‘என் குழு நல்ல குழு, அடுத்த வருஷம் ஜெயிப்பார்கள்’ என்கிற மாதிரி பேசிவிட்டு வந்தார். 1980 ஜூலை 18-ம் தேதி அதே எஸ்.எல்.வி.-3, ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் வைத்தது. அன்றைக்கும் பிரஸ் மீட். இந்தத் தடவை தவான் ஒதுங்கிக்கொண்டு, “நீங்க போய்ப் பேசுங்க” என்று கலாமை அனுப்பினார்.

இந்தக் கதையை நமக்குச் சொன்னதே கலாம்தான். வாழ்க்கை பூராவும், மேடை மேடையாக. 2015 ஜூலை 27-ம் தேதி ஷில்லாங்கில் மாணவர்கள் முன் பேசிக்கொண்டிருந்தபோதே சரிந்து விழுந்து இறந்தாரே, அதுவரைக்கும் தன் தோல்வியை மறைக்காமல் சொல்லிக்கொண்டிருந்தார். நம்ம ஆளுக்கே ஒரு ஹீரோ இருந்தார், பார்த்தீங்களா?

இப்போ உங்க மினி பிராஜெக்டுக்கு வருவோம். நாலு பேர் டீம். டெமோ அன்றைக்கு சர்க்யூட் வேலை செய்யவில்லை. ஹெச்.ஓ.டி. முறைக்கிறார். வாயைத் திறந்து “தப்பு எங்க மேலதான் சார்” என்று சொல்லப்போவது யார்? “இவன்தான் சார் சோல்டரிங் பண்ணினான்” என்று சொல்லப்போவது யார்? போஸ்டரில் இருக்கிற கலாமிடமிருந்து உங்களுக்கு எடுத்துக்கொள்ள எதுவும் இல்லை. 1979-ல் முடிவெடுத்துத் தோற்ற கலாமிடம் இருக்கிறது. ஒதுங்கி நின்ற தவானிடம் இன்னும் கொஞ்சம் அதிகமாகவே இருக்கிறது.

சரி, அந்தப் பெண்.

ஈ.சி.ஈ. படிக்கிறாள். அடுத்து எம்.பி.ஏ. போகிற எண்ணம். ‘யாரும் இல்லை’ என்று அவள் சொன்னதும் பிளேஸ்மென்ட் ஆபீசருக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. “அப்படியெல்லாம் இன்டர்வியூல சொல்லக்கூடாதும்மா, நெகட்டிவா எடுத்துப்பாங்க” என்றார். நான் ஏன் என்று கேட்டேன்.

“யார் பேரைச் சொன்னாலும் ரெண்டு வருஷத்துல ஒரு நியூஸ் வந்துடுது சார். ஒண்ணு ஊழல், இல்லைன்னா பொம்பளை விஷயம், இல்லைன்னா வரி ஏய்ப்பு. அப்புறம் நாமதான் அசிங்கப்படணும். அதுக்கு யாரும் இல்லாமலே இருந்துடலாமே?”

நியாயமான பதில், இல்லையா? அன்றைக்குக் கேட்ட 31 பதில்களில் யோசித்துச் சொன்ன பதில் அது ஒன்றுதான் என்றுகூட எனக்குத் தோன்றியது. ரிட்டயர்டு ஹெச்.ஆர். சார் தலையை ஆட்டினார். அவருக்கு ஞாபகம் வந்தது சத்யம் ராமலிங்க ராஜு.

உங்களில் பலருக்கு அந்தப் பெயர் கேள்விப்பட்டதாக மட்டும் இருக்கும். 2000-களில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்த எல்லோருக்கும் அவர் ஒரு நட்சத்திரம். ஐதராபாத்திலிருந்து உலகத்துக்கே சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்த கம்பெனியின் முதலாளி. 2008-ல் நிறுவனத்தை நல்லபடி நிர்வகித்ததற்காக சத்யத்துக்கு ஒரு பெரிய விருதே கிடைத்தது. 2009 ஜனவரி 7-ம் தேதி அவரே ஒரு கடிதம் எழுதினார். கணக்கில் காட்டிய பணம் பேங்கில் இல்லை, லாபம் பல வருஷமாக ஊதிப் பெருக்கியது என்று. சுமார் 7,000 கோடி ரூபாய் விவகாரம். விருது கொடுத்தவர்கள் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். 2015-ல் தனி நீதிமன்றம் 7 வருஷம் சிறைத் தண்டனை விதித்தது. அப்புறம் அப்பீலில் தண்டனை நிறுத்தி வைக்கப்பட்டது. அவர் படத்தை அட்டையில் போட்ட பத்திரிகைகள் எத்தனை! (எங்க இனத்தையும் சேர்த்துத்தான் சொல்றேன்.)

ஆனால் இதில் ஒரு சங்கதி இருக்கிறது. ரோட்டில் யாராவது அடிபட்டால் நீங்க போன் எடுத்து எந்த நம்பரை அழுத்துவீங்க? 108. அந்த 108 ஆம்புலன்ஸ் சேவையை 2005-ல் ஐதராபாத்தில் ஆரம்பித்த அமைப்பைத் தொடங்கியவர் யார் தெரியுமா? அதே ராமலிங்க ராஜு. 2008-ல் தமிழ்நாட்டுக்கும் அது வந்தது. அவர் மாட்டின பிறகும் வண்டி நிற்கவில்லை, வேறு கையில் போய் ஓடிக்கொண்டே இருந்தது. இப்போ சொல்லுங்க, இந்த மனுஷரை எந்த டப்பாவில் போடுவது?

எனக்குப் பதில் தெரியவில்லை. ஆளை மொத்தமாகக் குத்தகைக்கு எடுத்தால் இந்தத் தலைவலி நிச்சயம் வரும் என்பது மட்டும் தெரிகிறது. தப்பு நம்ம தமிழில்கூட இருக்கலாம். ஹீரோ என்ற வார்த்தையை நாம் சினிமாவிலிருந்து வாங்கினோம். சினிமாவில் ஹீரோ என்றால் முதல் ரீலிலிருந்து கடைசி ரீல் வரை ஹீரோ. இன்டர்வெல்லுக்கு அப்புறம் அவர் கணக்கில் கை வைக்க மாட்டார். நிஜத்தில் அப்படி யாருக்கும் ஸ்கிரிப்ட் எழுதி வைக்கவில்லையே. அதனால்தான் அந்தப் பெண்ணிடம், “ஆள் வேண்டாம்மா, ஒரே ஒரு வேலையை மட்டும் எடுத்துக்கோ” என்று சொல்லிவிட்டு, மஞ்சுநாத் கதையைச் சொன்னேன். அங்கேதான் நான் மாட்டினேன்.

மஞ்சுநாத் சண்முகம். கோலார் தங்கவயல்காரர். மைசூரில் இன்ஜினீயரிங், அப்புறம் ஐ.ஐ.எம். லக்னோ, 2003-ம் வருஷ பேட்ச். காலேஜ் பேண்டில் பாடுகிறவர். மொத்தத்தில் உங்க ஹாஸ்டலில் பக்கத்து ரூமில் இருக்கிற மாதிரி ஒரு ஆள். படித்து முடித்து இந்தியன் ஆயிலில் சேல்ஸ் ஆபீசராகச் சேர்ந்தார். ஐ.ஐ.எம். என்றதும் நம் கண்ணில் வருகிற கண்ணாடி கேபின் வேலை இல்லை இது. உத்தரப்பிரதேசத்தில் நேபாள எல்லையை ஒட்டி லக்கிம்பூர் கேரி என்று ஒரு மாவட்டம். கரும்புக் காடு. அங்கே இருக்கிற பெட்ரோல் பங்க்குகளை ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்து, சரக்கு சுத்தமா, அளவு சரியா என்று சோதிக்க வேண்டும். அதுதான் அவருடைய திங்கட்கிழமை.

சரக்கு ஏன் அசுத்தமாகும்? கணக்கு ரொம்ப சிம்பிள். 2005-ல் ரேஷன் மண்ணெண்ணெய் லிட்டர் சுமார் 9 ரூபாய். டீசல் 30 ரூபாய்க்குப் பக்கம். ஏழை வீட்டு அடுப்புக்கும் விளக்குக்கும் என்று அரசு மானியம் கொடுத்த மண்ணெண்ணெயைக் கடத்தி வந்து டீசலில் கலந்தால், கலக்கிற ஒவ்வொரு லிட்டருக்கும் 20 ரூபாய் சும்மா கிடைக்கும். ஒரு டேங்கருக்கு எவ்வளவு என்று நீங்களே போட்டுக்கோங்க. அந்த ஏழை வீட்டில் விளக்கு எரியாது, நம்ம வண்டி இன்ஜின் சீக்கிரம் செத்துப்போகும். நடுவில் இருக்கிறவர் பங்களா கட்டுவார்.

இதைப் பிடிக்க பெரிய லேப் எல்லாம் வேண்டாம். கண்ணாடிக் குழாய் மாதிரி இருக்கிற ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டு டென்சிட்டி பார்ப்பார்கள். நீங்க பங்க்கில் ஒரு போர்டில் டென்சிட்டி என்று எழுதி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீங்க. பெட்ரோலுக்கு இன்னும் ஈஸி. ஃபில்டர் பேப்பரில் ஒரு சொட்டு விட்டால், ரெண்டு நிமிஷத்தில் கறை இல்லாமல் ஆவியாகிவிட வேண்டும். கறை நின்றால் சந்தேகம். இந்த பேப்பர் டெஸ்ட்டை நீங்களே கேட்கலாம், வாடிக்கையாளர் கேட்டால் பங்க் செய்து காட்டியாக வேண்டும். அளவில் சந்தேகம் என்றால் 5 லிட்டர் அளவுப் பாத்திரத்தில் பிடித்துக் காட்டச் சொல்லலாம். இத்தனை வருஷமா பைக் ஓட்றீங்களே, ஒரு தடவையாவது கேட்டிருக்கீங்களா? நானும் இல்லை.

மஞ்சுநாத் கேட்டார். கேட்பதுதான் அவர் வேலை. கலப்படம் கண்டுபிடித்துப் பங்க்கை மூன்று மாதத்துக்கு சீல் வைத்தார். ஒரு மாதத்திலேயே பங்க் மறுபடியும் ஓட ஆரம்பித்துவிட்டது.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்க. நானாக இருந்தால் என்ன செய்திருப்பேன்? சீல் வைத்தாச்சு, ரிப்போர்ட் எழுதியாச்சு, என் கடமை முடிஞ்சாச்சு. மேலிடத்தில் யாரோ பார்த்துக்கொண்டார்கள் போலிருக்கிறது என்று அடுத்த பங்க்குக்குப் போயிருப்பேன். யாரும் என்னைத் தப்பு சொல்லியிருக்க முடியாது. மஞ்சுநாத் மறுபடியும் போனார். 2005 நவம்பர் 19-ம் தேதி, கோலா கோகர்ணநாத் என்கிற சின்ன ஊருக்கு, திடீர் சோதனைக்கு.

அங்கே சுட்டுக் கொன்றார்கள். உடம்பில் ஆறு குண்டுகளாவது இருந்தன. அவருடைய காரிலேயே பின் சீட்டில் போட்டு, பங்க் ஊழியர்கள் இரண்டு பேர் ஓட்டிக்கொண்டு போனபோது பக்கத்து சீதாப்பூர் மாவட்டத்தில் போலீஸ் பிடித்தது. மூன்று நாளாகப் பையனிடமிருந்து பேச்சே இல்லையே என்று, அன்றைக்கு ராத்திரி ஒன்பது மணிக்குக் கோலாரிலிருந்து அப்பா எஸ்.எம்.எஸ். அனுப்பியிருந்தார், எப்படி இருக்கே என்று. அதற்குப் பதில் வரவில்லை. மஞ்சுநாத்துக்கு வயசு 27.

கதையை முடித்தேன். ரூமில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அந்தப் பெண்தான் பேசினாள்.

“அப்ப நாங்களும் சாகணுமா சார்?”

கிண்டல் இல்லை. நிஜமாகவே கேட்டாள்.

“நீங்க பேப்பர்ல எழுதுவீங்க. எங்க அப்பா பஸ் கண்டக்டர் சார். லோன் போட்டுப் படிக்க வைக்கிறார். வேலைக்குப் போனா கண்ணும் காதும் வாயும் மூடிக்கிட்டுப் பத்திரமா வீடு வந்து சேருன்னுதான் சொல்லுவார். மஞ்சுநாத் அப்பாகிட்ட போய் உங்க பையன் ரோல் மாடல்னு சொன்னா, அவருக்கு அது வேணுமா, பையன் வேணுமா?”

என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கும் முழுசாக இல்லை. இதைச் சொல்லாமல் இந்தப் பக்கத்தை நிரப்புவது உங்களை ஏமாற்றுகிற வேலை.

ஏனென்றால் மஞ்சுநாத் ஒருத்தர் மட்டும் இல்லை. அதற்கு இரண்டு வருஷம் முன்னால் சத்யேந்திர துபே. பீகார் கிராமத்துப் பையன், ஐ.ஐ.டி. கான்பூர் சிவில் இன்ஜினீயர். தங்க நாற்கரச் சாலை வேலையில் இருந்தபோது, காசு போகிற வழியும் ரோட்டின் தரமும் சரியில்லை என்று 2002-ல் பிரதமர் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினார். என் பெயரை ரகசியமாக வையுங்கள் என்று கேட்டுக்கொண்டுதான் எழுதினார். கடிதம் அவர் பெயரோடு ஆபீஸ் ஆபீஸாகப் போனது. 2003 நவம்பர் 27, அவருடைய முப்பதாவது பிறந்த நாள். ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு விடியற்காலையில் கயா ஸ்டேஷனில் இறங்கி ரிக்ஷாவில் வீட்டுக்குப் போகும்போது சுட்டார்கள். வழிப்பறி என்றது சி.பி.ஐ. 2010-ல் மூன்று பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. வழிப்பறிக் கதையை அவர் குடும்பம் ஏற்கவில்லை.

நாடே கொதித்தது. 2004-ல், புகார் கொடுப்பவர் பெயரை மறைத்து மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் விசாரிக்கலாம் என்று ஓர் ஏற்பாடு வந்தது. தனியாக ஒரு சட்டம் வர 2014 ஆகிவிட்டது. பார்லிமென்ட் நிறைவேற்றி, ஜனாதிபதி கையெழுத்தும் போட்ட அந்தச் சட்டத்தை நடைமுறைப்படுத்துகிற அறிவிப்பு அதற்கப்புறமும் வருஷக்கணக்கில் வெளிவரவில்லை. அந்தப் பெண் கேட்டது இதைத்தான். ஹீரோ வேணும் ஹீரோ வேணும் என்று கத்துகிற நாடு, ஹீரோவுக்கு ஒரு தலைக்கவசமாவது கொடுக்குமா?

அப்போது ஹெச்.ஆர். சார் ஒரு விஷயம் சொன்னார். முப்பது வருஷம் ஆள் எடுத்தவர். “மறுபடியும் போய்ப் பார்த்தது அந்தப் பையன் வேலை. அவன் பத்திரமாத் திரும்பி வர்ற மாதிரி பார்த்துக்கிறது மத்தவங்க வேலை. முதல் வேலையை அவன் செஞ்சுட்டான். ரெண்டாவது வேலையை யார் செய்யலை? ரோல் மாடல் வேணும்னா அங்கே தேடும்மா.”

வீட்டுக்கு வந்தும் இந்த வார்த்தை என்னை விடவில்லை. மஞ்சுநாத் இறந்த பிறகு நடந்ததைத் தேடிப் படித்தேன். பெரிய மாவட்டம், செல்வாக்கான ஆட்கள், பயந்த சாட்சிகள். வழக்கமாக இப்படிப்பட்ட கேஸ் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். இந்தக் கேஸ் அப்படி ஆகவில்லை. அவரோடு படித்தவர்களும், அவரை நேரில் பார்த்தே இராத மற்ற ஐ.ஐ.எம். பழைய மாணவர்களும் சேர்ந்து அவர் பெயரில் ஒரு டிரஸ்ட் ஆரம்பித்தார்கள். மெழுகுவத்தி ஏற்றிவிட்டுக் கலைந்து போகவில்லை. வக்கீல் ஏற்பாடு செய்தார்கள். காசு திரட்டினார்கள். விசாரணையை விடாமல் பின்தொடர்ந்தார்கள். 2007 மார்ச்சில் தீர்ப்பு. பங்க் உரிமையாளரின் மகனுக்கு மரண தண்டனை, ஏழு பேருக்கு ஆயுள். 2009-ல் ஹைகோர்ட் மரண தண்டனையை ஆயுளாகக் குறைத்து, இரண்டு பேரை விடுவித்தது. மிச்ச ஆறு பேரின் ஆயுள் தண்டனையை 2015-ல் சுப்ரீம் கோர்ட் உறுதி செய்தது. கொலை நடந்து பத்து வருஷம். பகலில் ஆபீஸ் வேலை பார்த்துக்கொண்டே பத்து வருஷம் ஒரு கேஸைத் தூக்கிச் சுமப்பது என்றால் சும்மா இல்லை பாஸ். அவர்கள் பெயர் ஒன்றுகூட எனக்கு ஸ்கூல் புத்தகத்தில் வந்ததாக ஞாபகம் இல்லை. மஞ்சுநாத் மேல் 2014-ல் ஒரு ஹிந்திப் படம்கூட வந்தது. பத்து வருஷம் ஃபைல் தூக்கினவர்கள் மேல் யாரும் படம் எடுக்கவில்லை. எடுத்தாலும் பாட்டு எங்கே வைப்பது?

சாகாத ஹீரோவும் உண்டு என்று அவளிடம் சொல்லியிருக்கலாமே என்று பஸ் ஏறின பிறகுதான் தோன்றியது. எப்பவும் நல்ல பதில் பஸ்ஸில்தான் வரும்! மதுரைக்காரர்களுக்கு நான் யாரைச் சொல்லப்போகிறேன் என்று தெரிந்திருக்கும். அரவிந்த் கண் ஆஸ்பத்திரி டாக்டர் வெங்கடசாமி. எட்டயபுரம் பக்கத்தில் வடமலாபுரம் கிராமம். குடும்பத்தில் பிரசவத்தில் இறந்த பெண்களைப் பார்த்து, பிரசவ டாக்டர் ஆக நினைத்தவர். ராணுவ மருத்துவப் பணியில் இருந்தபோது முடக்குவாதம் வந்தது. மாதக்கணக்கில் படுக்கை. விரல்கள் கோணிப் போயின. பிரசவம் பார்க்கிற கனவு காலி.

கனவு காணுங்கள் என்று போஸ்டர் ஒட்டுகிற நாம், கனவு காலியான அன்றைக்கு என்ன செய்வது என்று போஸ்டர் ஒட்டுவதில்லை. அவர் கண் வைத்தியம் படித்தார். கோணின விரல்களுக்குத் தகுந்த கருவிகளைச் செய்துகொண்டார். அந்த விரல்களால் ஒரு நாளைக்கு நூறு கண்புரை ஆபரேஷன் வரை செய்தார். ஆயுளில் ஒரு லட்சத்துக்கு மேல். 1976-ல், 58 வயசில் அரசு வேலையிலிருந்து ரிட்டயர் ஆனதும் மதுரையில் 11 படுக்கையோடு ஆரம்பித்ததுதான் அரவிந்த். அங்கே ஆபரேஷன் தியேட்டரில் ஒரு டாக்டருக்குப் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மேஜை. ஒன்றில் ஆபரேஷன் நடக்கும்போதே அடுத்ததில் அடுத்தவர் தயாராக இருப்பார். டாக்டர் திரும்பினால் போதும். காசு கொடுப்பவர் கொடுப்பார். அந்த வருமானத்தில் கொடுக்க முடியாதவருக்கு இலவசம். கண்ணுக்குள் வைக்கிற லென்ஸ் அன்றைக்கு இறக்குமதிச் சரக்கு, விலை ஏழைக்கு எட்டாது. 1992-ல் மதுரையிலேயே ஆரோலேப் ஆரம்பித்து அதைத் தயாரித்தார்கள், விலை மளமளவென்று சரிந்தது. 2006-ல் அவர் இறந்தார். மேஜைகள் அப்படியே திரும்பிக்கொண்டிருக்கின்றன.

இதில் துப்பாக்கி இல்லை, வில்லன் இல்லை. ஒரு மனுஷர் தன் கையில் மிச்சம் என்ன இருக்கிறது என்று எண்ணிப் பார்த்து, அதை வைத்துத் தினமும் காலையில் வேலைக்குப் போனார். அரியர்ஸ் வைத்துவிட்டு லைஃபே போச்சு என்று உட்கார்ந்திருக்கிற நம்ம பசங்களுக்கு, ராக்கெட்டைவிட அந்த விரல்கள் கிட்டே இருக்கும் என்று நினைக்கிறேன்.

இதையெல்லாம் எழுதி அந்தப் பெண்ணுக்கு ஒரு மெயில் அனுப்பினேன். பிளேஸ்மென்ட் ஆபீசர்தான் அட்ரஸ் கொடுத்தார். நாலு வாரம் சத்தமே இல்லை. சரி, பெரிசு போர் அடிக்குதுன்னு டெலீட் பண்ணியிருக்கும் என்று விட்டுவிட்டேன். போன சனிக்கிழமை பதில் வந்திருந்தது. அவள் சம்மதத்தோடு அப்படியே தருகிறேன்.

“சார், உங்க மெயில் கொஞ்சம் நீளம். பாதி படிச்சுட்டு மூடி வச்சேன். அப்பாகிட்ட மஞ்சுநாத் பத்திச் சொன்னேன். ரொம்ப நேரம் பேசலை. அப்புறம், பேப்பர் டெஸ்ட்னு ஒண்ணு இருக்கிறது எனக்கே தெரியாதேன்னார். மறுநாள் காலேஜ் போறப்ப ஸ்கூட்டிக்கு பெட்ரோல் போட நின்ன இடத்துல ஃபில்டர் பேப்பர் கேட்டேன். ஸ்டாக் இல்லைன்னாங்க. பின்னாடி நின்னவங்க ஹாரன் அடிச்சாங்க. ஒருத்தர் ‘ஏம்மா, நீ என்ன கலெக்டரா’ன்னார். அழுகையே வந்துடுச்சு, போட்டுக்கிட்டு வந்துட்டேன். மறு வாரம் அதே பங்க். இல்லைன்னாங்க. புகார் புக் கேட்டேன். தேடி எடுத்துட்டு வரவே கால் மணி நேரம் ஆச்சு, எழுதிட்டு வந்தேன். மூணாவது வாரம் நான் வண்டியை நிறுத்தறதைப் பார்த்ததுமே அந்த அண்ணன் மூஞ்சியை உம்முனு வச்சுக்கிட்டு பேப்பரை எடுத்து நீட்டினார். ஒரு சொட்டு விட்டோம். ரெண்டு பேரும் வாட்ச்சைப் பார்த்துக்கிட்டு நின்னோம். கறையே இல்லை சார். பெட்ரோல் சுத்தமாத்தான் இருந்துச்சு. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக்கூட இருந்துச்சு. அந்த அண்ணன் சிரிச்சுட்டார். அடுத்த மாசம் மறுபடியும் போறேன்.”